சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல்: வடிவம், வணிகம், உழைப்பு

கொழும்புப் புறக்கோட்டையின் இரண்டாங் குறுக்குத் தெருவிலுள்ள பள்ளிவாசலுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அதன் முறையான பெயர் ஜாமிஉல் அல்பார் என்பது. நகர மக்கள், சிங்களவர் உட்பட, அதனைச் சிவப்புப் பள்ளி என்பர். புறக்கோட்டை வணிகரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பெயர் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பதாகும். முதலாவது பெயர் சமயத்தைச் சார்ந்தது. இரண்டாவது நிறத்தைச் சார்ந்தது. மூன்றாவது ஒரு சமூகக் குழுவைச் சார்ந்தது. இம்மூன்றனுள் இன்று மேலோங்கி நிற்பது நிறத்தாற் பெற்ற பெயரே. உல்லாசப் பிரயாணிகளுக்கான கையேடுகள் இப்பள்ளிவாசலை ஒரு வண்ண விநோதமாகவே காட்டுகின்றன. சமூகக் குழுவைச் சுட்டும் பெயரோ முதியோரின் வாய்மொழியில் மட்டும் எஞ்சி வருகின்றது. ஒரு பெயர் வழக்கொழியும்போது அது சுட்டி நின்ற மக்களின் வரலாறும் உடன் மறைந்துபோதல் இயல்பு. எனவே மறைந்து வரும் பெயரிலிருந்தே இவ்வாய்வைத் தொடங்குதல் பொருத்தமாகும்.

கட்டடக்கலை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கோயிற் கட்டடக்கலை பற்றியனவே. அவையும் மன்னர் பெயர், ஆட்சியாண்டு, தூண்களின் வகை என்பனவற்றை நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றன. பள்ளிவாசல்கள் பற்றிய எழுத்துக்கள் மிகச் சில; அவற்றிலும் பக்தி நோக்கே மிகுதி. ஒரு கட்டடம் எந்த மூலதனத்தால், எவருடைய உழைப்பால், எத்தகைய சமூகத் தேவையால் எழுந்தது என்ற வினாக்கள் இரு வகை எழுத்துக்களிலும் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. 1908இல் தொடங்கி 1909இல் நிறைவெய்திய இப்பள்ளிவாசல், பிரித்தானியப் பேரரசின் கீழ் இயங்கிய ஒரு துறைமுக நகரத்திலே தமிழ் பேசும் வணிகக் குழு ஒன்று தனது இருப்பை நிலைநாட்ட மேற்கொண்ட முயற்சியின் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. பழைய நகரமும் நிலவுரிமையும்

கொழும்பில் முஸ்லிம்களின் இருப்பு ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்டது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா கொழும்பைத் தம் பயணக் குறிப்பிற் சுட்டியுள்ளார். போர்த்துக்கேயர் இங்குக் காலூன்றியபோது அவர்தம் வணிகப் பகைவராக எதிர்ப்பட்டோர் முஸ்லிம்களே. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற முற்பட்டபோது கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்குக் கரையிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்த செய்தி.

1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றிய பின்னர் நகரை இரு கூறாக்கினர். கடலை ஒட்டிய அரணுட் கம்பனியின் நிருவாகம் அமைந்தது. அதன் கிழக்கே, குறுக்கும் நெடுக்குமாக நேர் தெருக்கள் வகுக்கப்பட்ட பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பழைய நகரம்' எனப் பொருள்படுவது. அதுவே இன்றைய புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே உள்ளது என்ற பொருளில் தமிழரும் சிங்களவரும் ஒரே வகையாகவே அதற்குப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் வழங்கிய 'பெட்டா' என்ற பெயரோ பேட்டை என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்தது. இப்பெயர்கள் யாவும் அதிகாரத்தின் மையத்துக்கு வெளியே அமைந்த வணிகக் களம் என்ற ஒரே பொருளையே உணர்த்துகின்றன.

ஆயினும் அப்புறக்கோட்டையிலுங்கூடச் சோனகர் நிலமோ வீடோ உடைமையாகக் கொள்ள ஒல்லாந்தர் சட்டம் இடந்தரவில்லை. வணிகம் செய்வதற்கு வேண்டப்பட்ட மக்கள் வேரூன்றுவதற்கு வேண்டப்படாதவராயினர். பிரித்தானியர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய பின்னரும் இத்தடை உடனே அகலவில்லை. 1832இலேயே அது நீக்கப்பட்டது. இராசகாரிய முறையின் ஒழிப்பும் அக்காலச் சீர்திருத்தங்களுள் ஒன்று என்பதை நோக்கும்போது இதன் அடிப்படை தெளிவாகின்றது. நிலத்தைச் சந்தைப் பொருளாக்குவதும் உழைப்பைக் கூலிச் சந்தைக்கு விடுவிப்பதும் முதலாளித்துவத்தின் தேவைகளாயிருந்தன. அத்தேவை காரணமாகத் திறந்த வாயில் வழியே சோனகரும் நகர நிலத்துட் புகுந்தனர். இத்தடை நீங்கி 76 ஆண்டுகள் கழிந்த பின்னர், அதே தெருக்களில் ஒன்றில், இப்பள்ளிவாசலுக்கு அடித்தளமிடப்பட்டது. கொழும்பின் பெரிய பள்ளிவாசல் முதலான பழைய பள்ளிகள் புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்கு அப்பால் அமைந்திருக்க, இது கடைவீதியின் நடுவிலேயே எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. சம்மான்காரர்

சம்மான் என்பது சிறு மரக்கலத்தின் பெயர். சம்பான் என்றும் வழங்கும். மலாய் மொழியிலும் இச்சொல் உண்டு. சிங்களத்தில் 'ஹம்பங்காரயா' என்ற வழக்கும், அம்பாந்தோட்டை என்ற ஊர்ப்பெயரும் இச்சொல்லின் அடியாகப் பிறந்தன என்பர். மரக்கலமேறி வந்த வணிகரே சம்மான்காரர். குடிமதிப்பு அறிக்கைகளில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்ற வேறுபாடு 1911 முதல் இடம்பெறுகின்றது. பின்னவரே ஆங்கில ஆவணங்களிற் கரையோரச் சோனகர் எனக் குறிக்கப்பட்டோர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், தொண்டி முதலிய துறைகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இவர்களுட் பெரும்பான்மையினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவர்களது வணிகம் பெருகியமைக்குப் புறக்காரணங்கள் பல. 1867இற் கொழும்பு - கண்டிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இற் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் அது நிறைவுற்றது. இவற்றின் பயனாகக் காலி பின்தள்ளப்பட்டது. கொழும்பு ஆசியாவின் முதன்மையான துறைகளுள் ஒன்றாயிற்று. கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது தோட்டத் தொழிலாளருக்கு வேண்டிய அரிசியும் துணியும் கடல்வழியே வந்து புறக்கோட்டை வழியாகவே நாட்டினுட் பாய்ந்தன.

இவ்வோட்டத்தில் இவ்வணிகர் வகித்த இடம் யாது? ஏற்றுமதியும் பெருந்தோட்டங்களும் வங்கிகளும் பிரித்தானியர் கையில் இருந்தன. வங்கிகள் சிறு வணிகருக்கு நேரே கடன் கொடுப்பதில்லை. செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிப் பணத்தைப் பெற்று வணிகருக்கு வட்டிக்கு விட்டனர். அவ்வாறு கடன் பெற்ற வணிகர் புறக்கோட்டையில் மொத்தமாகக் கொள்முதல் செய்து கிராமங்களிற் சில்லறையாகவும் கடனுக்கும் விற்றனர். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்த கிராமத்து விவசாயி கண்டது அந்தக் கடைக்காரனை மட்டுமே. அவனுக்குப் பின்னிருந்த செட்டியாரையோ, அவருக்கும் பின்னிருந்த வங்கியையோ அவன் கண்டதில்லை. கடனும் விலையேற்றமும் அவனுக்குக் கடைக்காரனின் முகத்தோடேயே தோன்றின. பின்னர் நிகழ்ந்த துயரத்தை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை இன்றியமையாதது.

3. வடிவத்தின் தெரிவு

பள்ளிவாசலின் தெரு முகப்பை நோக்குவோம். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கிடைவரிகள் சுவரெங்கும் செல்கின்றன. தூண்களில் அதே வரிகள் முறுக்கிய கயிறுபோலச் சுழன்று ஏறுகின்றன. சில இடங்களில் அவை சதுரக் கட்டங்களாக மாறுகின்றன. வில்வளைவுச் சாளரங்கள், மினாராக்கள், மாதுளங்கனியின் வடிவை ஒத்த குவிமாடங்கள், நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியன ஒருங்கு சேர்ந்துள்ளன. அகலங் குறைந்த தெருவாதலின் இக்கட்டடத்தை எட்ட நின்று முழுமையாகக் காணல் இயலாது. அண்ணாந்தே பார்க்க வேண்டும். உயர்ந்த கட்டடங்கள் எழுவதற்கு முன்னர், துறையை நெருங்கிய மாலுமிகள் இதனையே கொழும்பின் அடையாளமாகக் கொண்டனர் என்று கூறுவதுண்டு.

இவ்வணிகர் தம் சொந்த ஊர்களில் வேறொரு கட்டட மரபை உடையராயிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கருங்கற் பள்ளிகள் குவிமாடம் அற்றவை; தட்டையான கற்கூரையைத் தூண் வரிசைகள் தாங்குகின்றன. தூணும் போதிகையும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய சிற்பிகளின் மரபையே சார்ந்தவை. உருவங்கள் மட்டும் தவிர்க்கப்பட்டுக் கொடியும் பூவும் கோலமும் இடம்பெறும். சீறாப்புராணத்தைத் தமிழ்க் காப்பிய மரபிலே பாடுவித்த சமூகம் தன் பள்ளிவாசலையும் தமிழ்க் கட்டட மரபிலேயே எழுப்பிற்று. அவ்வாறாயின் அம்மக்களின் வழிவந்தோர் கொழும்பில் அவ்வடிவத்தை ஏன் மேற்கொள்ளவில்லை?

இதற்கு விடை காண அக்காலப் பேரரசின் கட்டடங்களை நோக்குதல் வேண்டும். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்தியாவின் நேரடி ஆட்சியை ஏற்ற பிரித்தானிய முடியரசு, முகலாயரின் சட்டபூர்வமான வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விழைந்தது. அவ்விழைவின் கட்டட வெளிப்பாடே இந்தோ - சரசனிக் பாணி. சென்னையில் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகை அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. அதனை அடுத்து ரொபர்ட் சிசோம் பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபத்தை 1870களில் எழுப்பினார். 1892இற் சென்னை உயர்நீதிமன்றம் சிவந்த செங்கற் சுவர்களோடும் குவிமாடங்களோடும் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் 1897இல் நிறைவுற்ற அரச செயலகக் கட்டடம், பின்னாளிற் சுல்தான் அப்துல் சமது பெயரைப் பெற்றது, செங்கல்லும் வெண்பட்டைகளுமாக அமைந்தது. நீதிமன்றம், செயலகம், புகையிரத நிலையம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பாணி இதுவாயிற்று. வெற்றி கொண்டவன் தோற்றவனின் ஆடையை அணிந்து நின்ற நிலை அது எனலாம்.

சென்னைக்கும் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சென்று வந்த வணிகன் இக்கட்டடங்களின் முன் நின்றிருப்பான். வழக்குக்காகவும் உரிமத்துக்காகவும் அவற்றுள் நுழைந்திருப்பான். அதிகாரத்தின் முகம் முஸ்லிம் மன்னரின் மாளிகை போலிருப்பதை அவன் கண்டான். அப்பாணி அவனுக்கு இரு வகையிற் பொருந்தியது: ஒன்று, அது நவீனத்தின் பாணி, மற்றொன்று, அதன் மூலக்கூறுகள் இஸ்லாமிய உலகுக்கு உரியன. தென்னிந்திய வணிகர் இந்தோ - சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விபரங்களையும் கட்டுபவரிடம் அளித்து, அவற்றைத் தழுவிப் பள்ளிவாசலை அமைக்குமாறு கேட்டனர் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊர்ப் பள்ளியின் கருங்கல் மண்டபம் ஊரிலே போதுமானதாயிருந்தது. ஏனெனில் அங்கு அவர்கள் ஊரார். கொழும்பிலோ அவர்கள் அந்நியர் எனக் கருதப்பட்டனர். அந்நியர் எனக் கருதப்படுவோருக்குத் தெருவை நோக்கி உரத்துப் பேசும் முகப்பு வேண்டியிருந்தது.

சிவப்பு - வெள்ளை வரிகளின் பயணமும் நோக்கத்தக்கது. 785இல் தொடங்கப்பட்ட கொர்தோபாப் பெரும் பள்ளிவாசலின் இரட்டை வில்வளைவுகளிற் செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வருகின்றன. இரு நிறக் கல்வரிசைகளை அடுக்கிக் கட்டும் முறை மம்லூக்கியர் காலக் கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் செழித்தது. மத்தியதரைக் கடல் வணிகம் கீழை நாடுகளின் கட்டடச் சுவையை இத்தாலிய நகரங்களுக்குக் கொண்டு சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜோன் ரஸ்கின் வெனிஸ் நகரக் கட்டடங்களின் நிற வரிகளைப் புகழ்ந்தெழுத, விக்டோரியாக் கால இங்கிலாந்தின் செங்கற் கட்டடங்கள் வரிகளை அணிந்துகொண்டன. அவ்விங்கிலாந்திற் பயின்ற கட்டடக் கலைஞர் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் வந்தனர். ஆகவே கொழும்பு வணிகர் இரவல் பெற்றது வெறும் ஐரோப்பியப் பொருளன்று; வணிகப் பாதைகள் வழியே முன்னர் முஸ்லிம் நகரங்களிலிருந்து சென்றதொன்று பேரரசின் வழியாகச் சுற்றித் திரும்பியது. தூய இஸ்லாமிய பாணி இது என்போரும், வெறும் காலனித்துவப் போலி என்போரும் இச்சுற்றுப் பாதையைக் காணத் தவறுகின்றனர்.

இலக்கிய வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. 1882இல் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கிய சித்திலெப்பை 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். எகிப்திலும் இந்தியாவிலும் நிகழும் கதையைக் கொண்ட அந்நூல் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது. ஐரோப்பிய முதலாளித்துவத்தின் இலக்கிய வடிவமான நாவல் அச்சின் வழியே வந்தது. சித்திலெப்பை அதனை முஸ்லிம் உலகின் கதையைச் சொல்லக் கையாண்டார். கால் நூற்றாண்டின் பின் படங்களின் வழியே வந்த கட்டட வடிவம் தொழுகை இடத்துக்குக் கையாளப்பட்டது. இரண்டும் ஒரே சமூக எழுச்சியின் வெளிப்பாடுகள் எனக் கொள்ளல் தவறாகாது. 1883 முதல் 1901 வரை எகிப்தியத் தலைவர் உறாபி பாஷா இங்கு நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தமை, 1892இல் மருதானையில் நவீன முஸ்லிம் பாடசாலை தோன்றியமை, துருக்கித் தொப்பி அணிந்து உயர்நீதிமன்றத்தில் வாதிடும் உரிமைக்காக 1905இல் எழுந்த கிளர்ச்சி ஆகியன யாவும் அவ்வெழுச்சியின் கூறுகளே.

4. கட்டியவர்

பள்ளிவாசலைத் திட்டமிட்டுக் கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவரைப் பற்றிய குறிப்புக்கள் யாவும் அவர் 'முறையான பயிற்சி பெறாதவர்' என்ற தொடரை வியப்போடு கூறுகின்றன. இத்தொடரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

1877ஆம் ஆண்டு தை முதலாம் நாள் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் திட்டத்தை வரைந்தவர் பொதுவேலைப் பகுதியின் ஜே. ஜி. ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். 1873இற் கட்டப்பட்ட புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் ஸ்மிதரின் திட்டமே. வரைபவர் வெள்ளையர், கட்டுபவர் உள்ளூரவர் என்பதே காலனித்துவக் கட்டடத் தொழிலின் ஒழுங்கு. மூளை உழைப்பையும் உடல் உழைப்பையும் பிரித்து, முன்னதற்கு மதிப்பும் பின்னதற்குக் கூலியும் வழங்கும் அப்பிரிவினை இங்கு இனப் பாகுபாடாகவும் அமைந்தது. பட்டம் பெற்றவரே 'பயிற்சி' பெற்றவர். தந்தையிடமும் தலைமை மேசனிடமும் கற்றவர் பயிற்சி பெறாதவர் என்ற கருத்து அவ்வொழுங்கின் விளைவு.

இப்பள்ளிவாசலில் அப்பிரிவினை குலைந்தது. கோலாலம்பூரின் ஜாமிக் பள்ளிவாசலோடு ஒப்பிடின் இது தெளிவாகும். செங்கல்லும் வெண்பட்டையும் கொண்ட அதுவும் 1909இலேயே திறக்கப்பட்டது. ஆனால் அதனைத் திட்டமிட்டவர் அங்கு அரசாங்கக் கட்டடங்களை வடிவமைத்த ஆதர் பெனிசன் ஹபாக் என்னும் ஆங்கிலேயர். அதன் அமைப்பிற் படித்த அளவையும் அடக்கமும் உண்டு. கொழும்புக் கட்டடத்திலோ மிகை உண்டு: ஒரே முகப்பில் கிடைவரியும் முறுக்குவரியும் கட்டமும், சரசனிக் குவிமாடமும் கோதிக் நெடுமையும் ஐரோப்பியத் தூணும். இம்மிகையைச் சுவைக்குறைவு என ஒதுக்குவது எளிது. ஆனால் படத்தை மட்டும் பார்த்துக் கட்டுபவன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவனல்லன்; நூல் அறிந்தவன் பிரித்து வைத்ததை அவன் சேர்த்து வைப்பான். நாட்டார் பாடலிற் செவ்வியல் யாப்பின் விதியைத் தேடாத நாம் இங்கும் அதே நியாயத்தை வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும் தனியொரு கலைஞனை வியப்பதோடு நின்றுவிடுவதும் பொருந்தாது. செங்கல் சுட்டோரும், அதனைக் கரத்தையில் ஏற்றி வந்தோரும், சுமந்து சாரமேறியோரும், வரியை வளைத்துப் பூசிய மேசன்மாரும் பெயரற்றவராயினர். கட்டுமானம் தொடங்குவதற்கு இரு ஆண்டுகளின் முன்னர், 1906இல், கொழும்பின் கரத்தைக்காரர் வேலைநிறுத்தம் செய்து நகரின் போக்குவரத்தைத் தடுத்து நிறுத்தினர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க கால நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. புறக்கோட்டையின் பொருள்கள் யாவும் அவர்களின் வண்டிகளிலும் நாட்டாமிமாரின் முதுகுகளிலுமே நகர்ந்தன. பள்ளிவாசலின் பொருள்வளம் வணிக இலாபத்திலிருந்து வந்தது எனின், அவ்விலாபம் இவர்களின் உழைப்பையும் உள்ளடக்கியது என்பதையும் கூறியாக வேண்டும்.

5. மணிக்கூடும் தொழுகை நேரமும்

முகப்பின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரம் அமைந்தமை தற்செயலன்று. ஐவேளைத் தொழுகையின் நேரம் சூரியனின் நிலையாலும் நிழலின் நீளத்தாலும் கணிக்கப்படுவது. துறைமுகத்தின் நேரமோ மணிக்கூட்டின் நேரம். கோட்டையில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் நகரின் அலுவல் நாளை அளந்தது. பின்னர் அதுவே வெளிச்சவீடும் ஆயிற்று. கப்பல், புகையிரதம், வங்கி, சுங்கம் ஆகிய யாவும் இயந்திர நேரத்துக்கு உட்பட்டன. கடையை இடையில் விட்டுத் தொழுகைக்கு வரும் வணிகனும் சிப்பந்தியும் இரு நேரங்களுள்ளும் வாழ்ந்தனர். அவ்விரண்டையும் ஒரே கட்டடம் தாங்கி நிற்பது இப்பள்ளிவாசலின் தனித்தன்மைகளுள் ஒன்று.

இன்னுமொரு செய்தி: கட்டடம் 1,500 பேர் தொழக்கூடியதாக அமைக்கப்பட்டது; அக்காலத்தில் தொழ வந்தோர் 500 அளவினர் என்பர். தேவையின் மும்மடங்கு பெரிதாகக் கட்டியோர், தாம் இங்குத் தங்கப் போகின்றோம் என்ற நம்பிக்கையோடு கட்டினர் என்றே கொள்ள வேண்டும்.

6. 1915

அந்நம்பிக்கை ஆறு ஆண்டுகளிற் சோதனைக்குள்ளாயிற்று. கம்பளையில் ஒரு பள்ளிவாசலின் முன்னாற் பெரஹராவின் இசை செல்வது பற்றிய வழக்கு 1914இல் மாவட்ட நீதிமன்றத்தில் தேவாலயத்துக்குச் சார்பாகவும் 1915இல் உயர்நீதிமன்றத்தில் அதற்கெதிராகவும் தீர்ந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலவரம் சில நாள்களுள் கொழும்பு உட்பட மேற்கு, தெற்குப் பகுதிகளுக்குப் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கலவரக்காரரால் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. தாக்குதலுக்கு முதன்மையாக இலக்கானோர் கரையோரச் சோனகரே. ஆங்கில ஆட்சியின் அடக்குமுறையோ சிங்கள மக்கள் மீது கொடூரமாகப் பாய்ந்தது. ஜூலை 7இல் இளைஞர் ஹென்றி பெத்ரிஸ் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இக்கலவரத்தைச் சமயப் பூசல் என மட்டும் விளக்குவது போதாது என்பதைக் குமாரி ஜயவர்த்தன, அமீர் அலி முதலியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. முதலாம் உலகப் போர்க்கால விலையேற்றம், கிராமக் கடன், புறக்கோட்டை வணிகத்திற் பங்கு தேடிய சிங்கள வணிக வகுப்பின் போட்டி, முஸ்லிம் வணிகரை அந்நியச் சுரண்டற்காரராகச் சித்திரித்த பௌத்த மறுமலர்ச்சியாளரின் எழுத்துக்கள் ஆகியன சேர்ந்தே தீயை மூட்டின. முன்னர் நாம் குறிப்பிட்ட கடன் சங்கிலியின் வெளித்தெரிந்த கண்ணி தாக்கப்பட்டது. வங்கியும் பெருந்தோட்டமும் தொடப்படவில்லை. வர்க்கக் கோபம் இனப் பகையாகத் திசை திருப்பப்படும்போது உண்மையான சுரண்டல் பாதுகாப்பாக இருந்துவிடுகின்றது.

தமிழ் ஆய்வாளர் இவ்விடத்தில் தம்மையும் நோக்கிக்கொள்ள வேண்டும். 1888இற் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிடும் கட்டுரையொன்றை அரச ஆசியக் கழகத்திற் படித்தார். மொழி ஒற்றுமையை முன்வைத்த அவ்வாதம் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையில்லை என்ற அரசியலுக்கு உதவியது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பெழுதினார். அடுத்த ஆண்டே இப்பள்ளிவாசலுக்கு அடித்தளமிடப்பட்டது. மறுப்பெழுதியோர் இலங்கைச் சோனகரின் கற்றோர் குழாத்தினர். பள்ளியைக் கட்டியோர் தென்னிந்திய வணிகர். இரு குழுவினரின் நலன்களும் ஒன்றல்ல. எனினும் 'நாங்கள் யார் என்பதை நாங்களே கூறுவோம்' என்ற குரல் இரண்டிலும் கேட்கின்றது. 1915இன் பின்னர் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியமை காலனித்துவ அடக்குமுறைக்கு எதிரான துணிவான செயலே. ஆனால் தாக்குண்ட முஸ்லிம்களின் துயரம் அவ்வாதத்தில் உரிய இடம் பெறவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடையே நிலைத்துவிட்டது.

7. இன்றைய நிலை

கட்டியோரின் சமூகம் பின்னர் கொழும்பிற் சுருங்கியது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த வணிக, நாணயக் கட்டுப்பாடுகளும் இந்திய வணிகரை நாடு திரும்பச் செய்தன. தங்கியோர் இலங்கைச் சோனகரோடு கலந்தனர். பள்ளியோ வளர்ந்தது. 1975இல் ஹாஜி ஒமர் நிதியத்தின் உதவியோடு அயலிலுள்ள காணிகள் வாங்கப்பட்டு, 10,000 பேருக்கு இடமளிக்கும் விரிவாக்கம் தொடங்கப்பட்டது. 1908இல் மும்மடங்கு பெரிதாகத் தோன்றியது போதாமற் போயிற்று.

எனினும் அந்நியர் என்ற குற்றச்சாட்டு மறையவில்லை. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல் தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் ஹொட்டல்களிலும் நடத்திய படுகொலைகளின் பின்னர், அக்கொடுமையோடு தொடர்பற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் மே மாதத்தில் எரிக்கப்பட்டன. பேரினவாதத்தைச் சுட்டும் நாம் 1990ஐ மறைத்தல் நேர்மையன்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 3இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே. தமிழ் பேசிய அம்மக்களைத் தமிழின் பெயரால் துரத்தியவர்கள், 1626இற் போர்த்துக்கேயர் செய்ததையே செய்தனர்.

சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை இச்சூழலில் நோக்கும்போது அது விநோதக் கட்டடமாக மட்டும் தோன்றாது. கொர்தோபாவையும் கெய்ரோவையும் வெனிசையும் சென்னையையும் இணைத்த வணிகப் பாதைகளின் முடிவில், தமிழ் பேசும் வணிகரின் பொருளாலும், பட்டம் பெறாத ஒருவரின் திட்டத்தாலும், பெயர் தெரியாத பலரின் உழைப்பாலும் கொழும்பில் எழுந்த கட்டடம் அது. இதனை ஒரு தேசத்தின், ஓர் இனத்தின், ஒரு பாணியின் தூய சொத்தாக எவரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆய்வாளர் செய்ய வேண்டிய பணி எஞ்சியுள்ளது. புறக்கோட்டையின் பழைய கடைக் கணக்குகள், காணி உறுதிகள், கப்பற் கூலிப் பற்றுச்சீட்டுக்கள், நாட்டாமிமாரின் நினைவுகள் ஆகியன தொகுக்கப்படல் வேண்டும். இவற்றுட் கணிசமானவை தமிழிலேயே இருத்தல் கூடும். அரபுத் தமிழிலும் இருத்தல் கூடும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனை வரலாற்றுத்துறைக்கோ இஸ்லாமிய நாகரிகத்துறைக்கோ உரியது என ஒதுக்கலாகாது. சம்மாங்கோடு என்ற பெயரை நினைவிற் கொண்ட முதியோர் இன்னும் அத்தெருக்களில் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கான காலம் இதுவே.